பெரியவனிடம் கொடுத்து வைத்தது

அந்த வீட்டில் இருமல் மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். மூன்றும் தப்பாக இருக்கும். சரியான பதில் தெரிந்தவன் ஒருவன்தான். அவனை யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அவனிடமிருந்துதான் அதை ஒளித்து வைத்திருந்தார்கள்.

வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். பெரியவன் என்று ஒருவன் இருந்தவரை அந்தப் பெயருக்கு ஓர் அர்த்தம் இருந்தது. பெரியவன் போய் ஆறு வருடமாகியும் இவன் சின்னவனாகவே இருந்தான். இருபத்தெட்டு வயது, இடது காலுக்குள் ஓர் எஃகுக் கம்பி, நெற்றிக்கு மேல் இப்போதே பின்வாங்கத் தொடங்கிவிட்ட முடி. இத்தனையையும் வைத்துக்கொண்டு 'சின்னவனே' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவனுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு அவன் வீடு திரும்பிய அன்று, அங்கிருந்த ஆலோசகர் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பினார்: "வலி மாத்திரை எதுவும் கொஞ்ச நாளைக்கு அவர் கண்ணுல படாம பாத்துக்குங்கம்மா."

'வலி மாத்திரை' என்பதையும் 'கொஞ்ச நாளைக்கு' என்பதையும் குடும்பம் காற்றில் விட்டுவிட்டது. 'கண்ணுல படாம' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

வீட்டில் சீசாவிலோ அட்டையிலோ இருந்த எதுவும் தப்பவில்லை. இருமல் மருந்து, தைலம், வாய் கொப்பளிக்கிற மருந்து, அக்காவின் நகப்பூச்சை அழிக்கிற திரவம், அம்மாவின் சத்து மாத்திரை எல்லாம் ஒரே நாளில் தலைமறைவாயின. தொண்டை கரகரத்தால் சப்புகிற புதினா மிட்டாய்கூடக் காணாமல் போனது. புதினா மிட்டாயால் சீரழிந்த குடும்பம் எதையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று அவர்களைக் கேட்க அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. அந்த வீட்டில் கேள்வி கேட்கிற உரிமையை அவன் எப்போதோ தொலைத்துவிட்டிருந்தான்.

ஒளித்து வைப்பதில் ஆளுக்கொரு பாணி. அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணிகளை அளவு திருத்திக் கொடுப்பவள். அவளுக்குத் துணிதான் பெட்டகம். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்குக் கொடுத்த வலி மாத்திரைகளை, அட்டையை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, ஹாலில் தொங்கிய திரைச்சீலையின் அடி மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு கட்டத்தைப் பிரித்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி தைத்து மூடுவாள். காற்றடித்தால் திரைச்சீலை மற்ற வீடுகளில் படபடக்கும், இந்த வீட்டில் சலசலக்கும்.

அக்கா பார்சல் கிடங்கில் மேற்பார்வை பார்ப்பவள். ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் சரக்கு தங்கக் கூடாது என்பது அவள் கொள்கை. சனிக்கிழமைதோறும், அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அவள் ஒளித்ததையும், திரைச்சீலை தவிர அம்மா ஒளித்ததையும் கண்டுபிடித்து வேறு இடம் மாற்றிவிடுவாள். அம்மாவிடம் சொல்லமாட்டாள். சொன்னால் அம்மாவின் முகமே விலாசம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். அம்மாவும் தான் ஒளித்த இடத்தைச் சொல்லமாட்டாள், அக்காவுக்குக் கத்திப் பேசுகிற தொண்டை என்பதால். இப்படியாக ஒருவர் ஒளித்ததை இன்னொருவர் ஒளித்து, கடைசியில் அந்த வீட்டில் யாருக்காவது தலைவலி வந்தால் வந்ததுதான், தானாகப் போகிறவரை காத்திருக்க வேண்டும்.

சின்னவனுக்கு எல்லாமே தெரியும். தேடிக் கண்டுபிடித்ததில்லை. நாலு வருடம் அதே பிழைப்பாக இருந்த கண்கள், வேண்டாம் என்றாலும் போய் நிற்கும். போதாததற்கு இப்போது பார்க்கிற வேலையும் அப்படி. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ்களைச் சட்டத்துக்கேற்ப அரைத்துப் பொருத்துகிறான். ஒவ்வொரு லென்ஸையும் விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு கீறல், ஒரு விரல் ரேகை, ஒரு தூசி விடாமல் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணை வீட்டுக்கு வரும்போது கடையிலேயே கழற்றி வைத்துவிட்டா வர முடியும்? நேற்று நேராக இருந்த ஓட்ஸ் டின் இன்று கால் அங்குலம் திரும்பியிருந்தால் அதற்குள் தைலம் குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

தெரியும் என்று அவன் மூச்சுவிடவில்லை. சொன்னால் பாவம், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒளித்தாக வேண்டும். அம்மாவுக்குக் கண் வேறு சரியில்லை. அதைவிட, யாரிடமும் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு காரணமும் இருந்தது. செத்துத் தொலையட்டும் என்று கைவிட்டவனுக்காக யாராவது திரைச்சீலையைத் தினமும் பிரித்துத் தைப்பார்களா? சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, அக்கா இந்த வாரம் எதை எங்கே மாற்றியிருக்கிறாள் என்று ஒரு நோட்டம் விடும்போது, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி அவனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோகும்.

அவனுக்குக் குறை ஒன்றுதான். அப்பா அவனிடம் பேசுவதில்லை.

அப்பா முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்னவன் மாத்திரை வாங்குவதற்காகப் பெரியவனின் கைக்கடிகாரத்தை விற்றுவிட்டு வந்த அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். மூன்று வருடமாகிறது. பேச்சே இல்லை என்றும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதைத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரிடம் சொல்வார். "சில பேரு பாத்ரூம் லைட்டை அணைக்காமலே வந்துடுறாங்க, பாத்தீங்களா?" என்பார். செய்தி வாசிப்பவர் வெள்ள நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். சின்னவன் எழுந்து போய் விளக்கை அணைப்பான். "இப்பத்தான் ஞானம் வந்திருக்கு" என்று அவரிடமே அப்பா முடித்துக்கொள்வார்.

மன்னிப்பு, கட்டிப்பிடித்தல் என்று அவன் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. ஒரு 'டேய்' போதும். முகத்தைப் பார்த்து, அவனுக்கே என்று, ஒரே ஒரு 'டேய்'. வீடு திரும்பிய ஏழு மாதமாக அதற்காகத்தான் காத்திருந்தான்.

அந்தப் பேச்சுக்குக் குறுக்கே ஒரு பொருள் நின்றது. சின்னவன் படுக்கிற அறையில், முன்பு அண்ணனும் தம்பியும் சேர்ந்து படுத்த அறையில், மர அலமாரியின் உச்சியில் ஒரு ஹெல்மெட் இருந்தது. கறுப்பு. இடது பக்கம் காதுக்கு மேலிருந்து தாடைவரை தார்ச்சாலை உழுத கீறல்கள்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் கிளம்பியபோது இருந்தது ஒரே ஹெல்மெட்தான். அது பெரியவனுடையது. "ஏற்கெனவே உன் மண்டையில ஒண்ணும் இல்ல. இருக்கறதும் நனைஞ்சுடப் போகுது, போட்டுக்கோ" என்று தம்பியின் தலையில் கவிழ்த்துவிட்டு, தாடைக்குக் கீழே அவனே வாரையும் மாட்டிவிட்டான். லாரி வந்தது. ஹெல்மெட் போட்டிருந்தவனுக்குக் கால் முறிந்தது. போடாதவன் வீட்டுக்கு வரவில்லை.

கால் வலிக்கென்று மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை, அந்த வலியையும் தாண்டி உள்ளே போய் இன்னொரு வலியையும் தூங்க வைத்தது. கால் மூன்று மாதத்தில் கூடிவிட்டது. மற்றது கூடவில்லை. அதற்கென்று தனியாக மாத்திரை வாங்கத் தொடங்கியவன்தான்.

ஹெல்மெட்டை அலமாரி மேல் வைத்தது அப்பா. ஏன் அங்கே, கண் விழித்தால் முதலில் தெரிகிற இடத்தில் வைத்தார் என்று சின்னவனுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. 'பார். தினமும் பார். இது உன் தலையில் இருந்ததால்தான்.' அப்படித்தான் அவன் படித்துக்கொண்டான். ஆறு வருடத்தில் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. தூசிகூடத் தட்டியதில்லை.

அதனால்தான் அந்தத் தூசி அவனுக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம் ஒரு காலையில், அந்தத் தூசியில் நாலு விரல் பதிந்திருந்தது. தெருவில் பாரவண்டி போனபோது அலமாரி லேசாக அதிர, ஹெல்மெட்டுக்குள் கண்ணாடிச் சீசா ஒன்று 'கிணுக்' என்றது. கூடவே அட்டை உரசும் சத்தம். அந்தச் சத்தத்தைச் சின்னவன் கனவிலும் அடையாளம் சொல்வான்.

அப்பாவும் களத்தில் இறங்கிவிட்டார் என்று புரிந்தது.

அந்த வாரத்தில்தான் ஒரு கெட்ட நாள் வந்தது. கடையில் பெரியவன் ஜாடையில் ஒருவன், அதே மாதிரி பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு, கண்ணாடி வாங்க வந்திருந்தான். வேறொன்றுமில்லை. சின்னவன் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். வீட்டில் யாருமில்லை. நாற்காலியை இழுத்து அலமாரியோரம் போட்டு ஏறி நின்றான். ஹெல்மெட்டின் வாயில் எட்டிப் பார்த்தான். உள்ளே பழுப்பு நிறச் சீசா ஒன்று, அப்பாவின் நெஞ்சுவலி மாத்திரை. பக்கத்தில், அம்மா சாப்பிட்டது போக, கத்தரிக்காமல் மிஞ்சிய வலி மாத்திரை, இரண்டு அட்டை. பழைய சிநேகிதர்கள். கையை நீட்டினால் போதும். நீட்டினான். விரல் ஹெல்மெட்டின் விளிம்புக்கு ஓர் அங்குலத்தில் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று தெரியாது. கால் மரத்துப்போய் இறங்கினான். நாற்காலியை இருந்த இடத்தில் போட்டுவிட்டு, ஆலோசகருக்குப் போன் செய்து ஒருமணி நேரம் அழுதான். அந்த மனிதர் பொறுமைசாலி. நடுவில் அவர் கொட்டாவி விட்டது கேட்டது. அதையும் அவன் நன்றியோடுதான் நினைத்துக்கொள்வான்.

பிறகு நாலு மாதம் ஒழுங்காகப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அம்மா திரைச்சீலையைத் துவைத்துக் காயவைத்திருந்தாள். இப்போது அது அப்பாவித் திரைச்சீலை, மடிப்பில் ஒன்றுமில்லை. அப்பா ஸ்டூல் மேல் ஏறி நின்று கம்பியில் வளையங்களைக் கோத்துக்கொண்டிருந்தார். சின்னவன் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இடது பக்கம் இழுங்க" என்றாள் அம்மா.

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு இடது வலது சொல்லித் தர்றியா நீ?"

"வண்டிக்கு ஸ்டீரிங் இருந்துச்சு. இதுக்கு நான்தான் இருக்கேன்."

பதில் வரவில்லை. அம்மாவின் பேச்சுக்கு அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று சின்னவனுக்கு அடுப்படியிலேயே உறைத்தது. எட்டிப் பார்த்தான். அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறி, சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சில்.

"நாக்கு மாத்திரை" என்றார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

அம்மா ஓடிப்போய்ப் பொத்தான் பெட்டியைக் கவிழ்த்தாள். நூறு பொத்தான்கள் ஹால் முழுவதும் உருண்டோடின. சீசா இல்லை.

"அங்க இல்லம்மா! அதை நான் எப்பவோ எடுத்துட்டேன்!" என்று அக்கா அடுப்படிக்குப் பாய்ந்தாள்.

"எடுத்துட்டியா? யாரைக் கேட்டுடி எடுத்த?"

"உன்னைக் கேட்டா ஊருக்கே தெரிஞ்சிரும்னுதான்!"

அவள் ஓட்ஸ் டின்னை இழுத்த வேகத்தில் அது தரையில் விழுந்து கொட்டியது. ஓட்ஸோடு தைலம் வந்தது, புதினா மிட்டாய் வந்தது. சீசா வரவில்லை. "இங்கதானே வெச்சேன்... இங்கதானேம்மா வெச்சேன்..." என்று அக்கா மாவுக்குள் அளைவதுபோல அளைந்துகொண்டிருந்தாள்.

அப்பாவுக்குப் பேச முடியவில்லை. கையைத் தூக்கி மேலே காட்டினார்.

"ஐயோ, மேல காட்டுறாரேடி!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கிளம்பிட்டேன்னு காட்டுறாரேடி!"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நிலையிலும் அப்பா அவளை முறைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் சாய்த்து, அறைப் பக்கம் காட்டினார்.

சின்னவன் அதற்குள் அறையில் இருந்தான்.

நாற்காலி போட நேரமில்லை. கட்டிலின் விளிம்பில் கம்பி வைத்த காலை ஊன்றி எம்பினான். கை ஓர் அங்குலத்தில் நிற்கும் என்று அவனே எதிர்பார்த்தான். நிற்கவில்லை. ஹெல்மெட் கைக்குள் வந்தது. நினைத்ததைவிட லேசாக இருந்தது. ஆறு வருடமாக அதன் எடையைத் தலையில் சுமந்தவனுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. கவிழ்த்தான். சீசாவும் இரண்டு அட்டையும் மெத்தையில் விழுந்தன. அட்டையைப் பார்த்தான். அட்டை அவனைப் பார்த்தது. இதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்று இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது. சீசாவை எடுத்து, மேலே ஒட்டியிருந்த பெயரை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு ஓடினான்.

"அப்பா, வாயைத் திறங்க. முழுங்கிடாதீங்க. நாக்குக்கு அடியில. அப்படியே சாஞ்சுக்குங்க. அக்கா, ஓட்ஸை விடு, ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. அம்மா, கதவைத் தொறந்து வை."

அந்த வீட்டில் ஏழு மாதத்தில் அவன் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். மூன்று பேரும் மறுபேச்சு இல்லாமல் கேட்டார்கள்.

ஆம்புலன்ஸ் வந்து, அப்பாவை ஏற்றி, அவனும் ஏறி உட்கார்ந்த பிறகு, உள்ளே இருந்த ஊழியர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "தம்பி, நாங்க பத்திரமாத்தான் ஓட்டுவோம்" என்றார். அப்போதுதான் கவனித்தான். இடது கக்கத்தில் ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் வேகமாக வந்தார். "என்னென்ன மருந்து சாப்பிடறார் இவர்?"

பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த அம்மா அக்காவைப் பார்த்தாள், அக்கா அம்மாவைப் பார்த்தாள். "வெள்ளையா ஒண்ணு" என்றாள் அம்மா. "ரோஸ் கலர்ல பாதி ஒண்ணு..."

சின்னவன் சொன்னான். ஒவ்வொரு மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, நாக்கு மாத்திரை எத்தனை மணிக்கு வைத்தது என்பதுவரை ஒப்பித்தான். டாக்டர் எழுதிக்கொண்டு உள்ளே போனார். அக்கா அவன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"அட்டையில போட்டிருக்கேக்கா."

"அட்டையை எங்கடா பாத்த?"

இனி மறைத்துப் பயனில்லை. "பிரஷர் மாத்திரை உன் பழைய ஸ்கூல் பையில. அதுக்கு முந்தின வாரம் அயர்ன் பாக்ஸ் அட்டைப்பெட்டியில. சத்து மாத்திரை அம்மாவோட ஊசி டப்பாவுக்குள்ள ரெண்டாவது தட்டுல. இருமல் மருந்து தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, பாலிதீன் பையில சுத்தி. அது கசியுது, மூடியை இறுக்கணும்."

அக்காவின் வாய் திறந்தபடி இருந்தது. "அப்ப நான் சனிக்கிழமை சனிக்கிழமை இடுப்பொடிய எடம் மாத்தினதெல்லாம்?"

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு. எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு?"

அவள் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அறைந்த கையை எடுக்காமல் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா மட்டும் எதையோ கணக்குப் பார்ப்பதுபோல நின்றாள். "எல்லாம் தெரியுமா உனக்கு? ஏழு மாசமா?" என்றாள். "திரைச்சீலைகூடவா?"

"அது சலசலக்கும்மா."

"நான் பொடித் தையல்தானே போட்டேன்" என்றாள் அம்மா. தொழில் கௌரவம் அடிபட்ட வருத்தத்தோடு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சின்னவன் அக்காவைத் தனியாக அழைத்துப் போனான். "என் கட்டில் மேல ரெண்டு அட்டை கிடக்கு. இப்பவே வீட்டுக்குப் போ. நான் வர்றதுக்குள்ள அதை எடுத்து மருந்துக்கடையில குடுத்துரு. ஒளிக்காத. வீட்டை விட்டே வெளிய போகணும்."

"நீ அதைத் தொடவே இல்லையேடா."

"இன்னிக்குத் தொடலக்கா. அதைப் பெருமையா எடுத்துக்கிட்டு நாளைக்கும் பரீட்சை வைக்காத. நான் சுமாரான மாணவன்."

அவள் அவனையே பார்த்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அப்பாவின் இதயக் குழாயில் அடைப்பு இருந்தது. அன்றே நீக்கிவிட்டார்கள். மாத்திரை கொடுத்ததும், தாமதிக்காமல் கூட்டிவந்ததும் நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் சொன்னார். மறுநாள் மதியம் அம்மா சாப்பிடப் போன நேரம் சின்னவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். அப்பா கண்மூடிப் படுத்திருந்தார். ஜன்னல் திட்டில் ஹெல்மெட் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கே வைத்திருந்தான்.

"டேய்."

சின்னவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் மருந்து பாட்டில் தொங்கும் கம்பிதான் நின்றது. இந்த அறையில் தொலைக்காட்சியும் இல்லை.

"உன்னத்தான். வேற யாரு இருக்கா இங்க?"

"சொல்லுங்கப்பா."

"அதை எதுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்த?"

"கையில இருந்துச்சுப்பா."

அப்பா அதை ஏற்றுக்கொண்டார். "உள்ள இருக்குன்னு எப்ப தெரியும்?"

"நாலு மாசமா." இதோடு நிறுத்திக்கொண்டால் நல்லவனாகவே இருந்துவிடலாம். இருக்கத் தெரியவில்லை. "ஒரு தடவை நாற்காலி போட்டு ஏறினேன்ப்பா. அந்த ரெண்டு அட்டைக்காக. எடுக்கல. நல்ல புத்தியெல்லாம் இல்ல. அதைத் தொட பயம். அவ்வளவுதான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்த. முப்பது வருஷம் கண்ணாடியில பின்னாடி பாத்துப் பாத்து ஓட்டினவன்டா நான். அட்டையை எடுத்து எண்ணிப் பாத்தேன். இருபதும் அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு உங்கம்மாகிட்ட ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்."

"அப்பவே வேற எடத்துக்கு மாத்தியிருக்கலாமேப்பா."

"எதுக்கு மாத்தணும்? உங்கம்மா ஒளிச்சா உங்கக்கா எடுக்கறா, உங்கக்கா ஒளிச்சா நீ பாத்துடற. சரி, பெரியவன்கிட்டயே குடுத்து வெப்போம்னு குடுத்து வெச்சேன். அவன் பாத்துக்கிட்டான்ல?"

சின்னவனால் நிமிர முடியவில்லை. படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். ஆறு வருடமாகத் தொண்டையில் நின்ற கேள்வி. "அதை ஏன்ப்பா அங்க வெச்சீங்க, நான் படுக்கற எடத்துல? நான் தினமும் பாக்கணும்னுதானே?"

"ஆமா. நீ பாக்கணும்னுதான்."

அவ்வளவுதான் என்று சின்னவன் நினைத்தான். இல்லை.

"ரெண்டு பேரு கிளம்பிப் போனீங்க. அது ஒருத்தனைக் கொண்டாந்து வீட்டுல சேத்துச்சு. எனக்கு அதைக் கும்பிடணும் போல இருந்துச்சுடா. குப்பையிலயா போடச் சொல்ற?"

சின்னவன் ஹெல்மெட்டைப் பார்த்தான். மதிய வெயில் இடது பக்கக் கீறல்களில் விழுந்திருந்தது. பொருளும் அதே, இடமும் அதே, வைத்தவர் நினைத்தது மட்டும் வேறு. தினமும் லென்ஸ் அரைத்து ஊராருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவன், ஆறு வருடமாக அறையில் இருந்த ஒரே பொருளைத் தப்பாகப் பார்த்திருக்கிறான். சிரிப்பு வந்தது. சிரிப்பாகத் தொடங்கியது வேறு மாதிரி முடிந்தது. அப்பா ஊசி குத்தாத கையை நகர்த்தி அவன் தலைமேல் வைத்தார். கை கனமாக இருந்தது.

"அப்ப ஏன்ப்பா பேசல?" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மொதல்ல கோவம். அவன் வாட்சை வித்துட்டியேன்னு. அப்புறம் கோவம் போயிடுச்சு. எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல." கொஞ்சம் யோசித்தார். "அந்த நியூஸ் படிக்கறவன் வேற நல்லா கேட்டுக்கிட்டான். பழகிடுச்சு."

ஒரு வாரத்தில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா அவருடைய எல்லாச் சட்டையிலும் பைக்குள் இன்னொரு பை தைத்து, பொத்தான் வைத்திருந்தாள். நாக்கு மாத்திரை இனி அங்கேதான். பொத்தான்களில் பாதியைச் சோபாவுக்கு அடியிலிருந்து சின்னவன்தான் பொறுக்கிக் கொடுத்தான். அக்கா எல்லாரையும் உட்கார வைத்து, இனி எதையும் ஒளிக்கப் போவதில்லை, எல்லா மருந்தும் ஹாலில் ஒரே டப்பாவில், என்று அறிவித்தாள்.

"வேணாம்க்கா" என்றான் சின்னவன். "நாக்கு மாத்திரை அப்பா பையில இருக்கட்டும். வலி மாத்திரை வீட்டுக்கு வரவே வேணாம். மத்ததை எப்பவும் போல ஒளிச்சே வையி."

"உனக்குத்தான் எல்லா எடமும் தெரியுமேடா!"

"தெரிஞ்சா என்ன? ஒளிச்சு வெச்சா வீட்டுல நம்மள நெனச்சுக்கிட்டிருக்காங்கன்னு இருக்கு." கூடவே சேர்த்துக்கொண்டான்: "புதினா மிட்டாயை மட்டும் வெளிய வெச்சிரு. தொண்டை கட்டியிருக்கு."

கடையிலிருந்து லென்ஸ் துடைக்கும் மென்துணி ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்து, ஆறு வருடத் தூசியைத் துடைத்தான். கடையிலிருக்கும் மெஷினில் கொடுத்தால் கீறல்கள் பாதி மறைந்துவிடும். மறைக்க மனம் வரவில்லை. தாடைக்குக் கீழே தொங்கிய வாரை மட்டும் மாட்டிவிட்டு, திரும்பவும் அலமாரி மேலேயே வைத்தான். இப்போது காலையில் கண் விழித்ததும் அதைப் பார்த்து, "நனைஞ்சா நனையட்டும், உன் மண்டையிலயும் ஒண்ணும் இல்ல" என்று அண்ணனுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறான்.

அப்பாவோ மூன்று வருடப் பாக்கியை ஒரே மாதத்தில் பேசித் தீர்ப்பது என்று இறங்கிவிட்டார். டேய், செருப்பை ஏன் இங்க விட்ட. டேய், டீயில சர்க்கரை போட்டியா, டாக்டர் வேணாம்னாருல்ல. டேய், போடலியா, ஏன்டா போடல. செய்தி வாசிப்பவரைச் சீண்ட ஆளில்லை. அவர் தன் பாட்டுக்கு மழை நிலவரம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"டேய்! பாத்ரூம் லைட்டை எவன்டா அணைப்பான்?"

"இதோப்பா" என்று சின்னவன் எழுந்து, கம்பி வைத்த காலைச் சாக்கிட்டு, மெதுவாகவே நடக்கிறான். வரும்போது மறக்காமல் எரியவிட்டு வந்தது அவன்தான்.